முதல் காட்சியில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது

பெத்துராஜ் அண்ணாச்சி செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார். அது நல்ல சகுனம் இல்லை.

சிவகாசியில் அவருடைய வீட்டு மாடி ஹால் அது. சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, எதிரே புரொஜெக்டரை வைத்திருந்தோம். அண்ணாச்சிக்குக் குதிகால் வலி உண்டு. அதனால் வீட்டுக்குள்ளேயும் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வார். படம் பிடித்துவிட்டால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு காலையும் சோபாவின் மேல் மடக்கி வைத்துக்கொள்வார். செருப்போடு உட்கார்ந்திருந்தால் எந்த நிமிடமும் எழுந்து போய்விடுவார் என்று அர்த்தம். தியேட்டரிலும் அப்படித்தான். ஊரில் டிக்கெட் கிழிப்பவர்களுக்குக்கூட இது தெரியும்.

அவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. எங்கள் படத்துக்குத் தயாரிப்பாளர் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதை முடிவு செய்யத்தான் அன்றைய திரையிடல். நாங்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தது படத்தின் முதல் பத்து நிமிடம் மட்டும். அவருடைய நிபந்தனை ரொம்பச் சுருக்கமானது.

“பத்து நிமிசத்துல நான் எந்திரிக்கலேன்னா படம் பண்ணுவோம். எந்திரிச்சுட்டேன்னா எல்லாரும் சாப்புட்டுட்டுப் போங்க. அம்புட்டுதான்.”

என் பக்கத்தில் இயக்குநர் சித்திக் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். விருதுநகர்க்காரன். அவனுடைய மாமாவுக்கு அங்கே மல்லி, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். பக்ரீத் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் படம் கிடைக்கவில்லை என்றால் கடைக்கு வந்து உட்கார வேண்டும் என்று மாமா முடிவாகச் சொல்லியிருந்தார். பக்ரீத்துக்கு அதிக நாள் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், வத்தல் குடோன் வாசலில் நின்றாலே சித்திக்குக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். படம் கைவிட்டுப் போனால் அவன் ஆயுள் முழுக்கத் தும்ம வேண்டியதுதான்.

நான் அவனுக்கு உதவி இயக்குநர். கன்டினியூட்டி பார்ப்பவள். ஒரு ஷாட்டில் சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் திறந்திருக்க வேண்டும் அல்லவா, அதைக் கவனிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று இந்தப் பத்திரிகைத் தொடரில் பல வாரங்களாகப் பீற்றிக்கொண்டு வருகிறேன். இந்த வாரமும் கொஞ்சம் பீற்றிக்கொள்வேன்.

அக்கா சொன்ன முதல் காட்சிகள்

எனக்கு முதல் காட்சிகள் மேல் ஒரு பைத்தியம் உண்டு. காரணம், சின்ன வயதில் நான் எந்தப் படத்தின் முதல் காட்சியையும் பார்த்ததே கிடையாது.

எங்களுக்கு ஊர் தாயில்பட்டிக்குப் பக்கம். அங்கிருந்து சிவகாசிக்கு வருகிற பஸ், படம் தொடங்கிய பிறகுதான் தியேட்டர் முனையில் நிற்கும். நாங்கள் இருட்டில் தடுக்கி, யார் காலையோ மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு உட்காரும்போது திரையில் போலீஸ் ஜீப் வந்து நின்றிருக்கும். யாரோ செத்துக் கிடப்பார்கள்.

“செத்தது யாருக்கா?” என்று என் அக்கா பாண்டீஸ்வரியிடம் கேட்பேன். அவளும் என்னோடு அதே பஸ்ஸில் வந்தவள்தான். ஆனாலும் அசராமல் சொல்லுவாள்.

“மழை பேஞ்சுச்சுடி. ஒருத்தன் ஓடி வந்தான். பின்னாலயே ஒரு பூட்ஸ் காலு வந்துச்சு. மூஞ்சியக் காட்டல. நாய் கொலைச்சுச்சு, பெறவு கொலைக்கல. செத்துட்டான்.”

எந்தப் படத்துக்குப் போனாலும் இதே கதைதான். பின்னாளில் அந்தப் படங்களையெல்லாம் டிவியில் முதலிலிருந்து பார்த்தேன். பெரும்பாலும் மழை பெய்தது. பூட்ஸ் கால் வந்தது. நாய் குலைத்தது, பிறகு குலைக்கவில்லை. பஸ் தாமதமானதால் எங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. திகில் படத்தின் முதல் காட்சிக்கென்று சில சாமான்கள் உண்டு. இருட்டு, மழை, ஒற்றைத் தெருவிளக்கு. தனியாக டார்ச் அடித்துக்கொண்டு வருகிற வாட்ச்மேன். பொண்டாட்டிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்குப் போகிறவன். அவன் சிரிக்கச் சிரிக்க நமக்குப் பதறும், ஏனென்றால் முதல் காட்சியில் காரணமில்லாமல் சந்தோஷமாக இருப்பவன் இரண்டாவது காட்சிக்கு இருக்க மாட்டான். அலறலில் வெட்டி, குக்கர் விசிலில் ஒட்டுவார்கள். அங்கேதான் கதாநாயகன் அறிமுகம், கையில் காபி டம்ளரோடு.

இதையெல்லாம் பார்த்து “அரைத்த மாவு” என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் சுளிக்க மாட்டேன். பந்தியில் இலை போட்டு ஓரத்தில் உப்பு வைத்துவிட்டால் சோறு வரப்போகிறது என்று தெரிகிறதல்லவா, அதுபோலத்தான் இதுவும். இன்றைக்கு உன்னைப் பயமுறுத்தப் போகிறேன், நம்பி உட்காரு என்று படம் சொல்கிறது. பார்க்கிறவரும் சரி என்று காலை நீட்டிக்கொள்கிறார். அந்த உடன்பாடு முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். பிறகு உப்பே இல்லாத இலையில் சோறு போட்டுச் சமாளிக்க முடியாது.

சித்திக் இதை எங்கள் ஊர்ப் பாணியில் இரண்டாகப் பிரிப்பான். வெடியில் தொடங்கும் படங்கள், திரியில் தொடங்கும் படங்கள். முதல் வகையில் எடுத்த எடுப்பிலேயே ஒரு கொலை. இரண்டாவது வகையில் ஒன்றுமே நடக்காது, ஆனால் நடக்கப்போகிறது என்று நமக்கு மட்டும் தெரியும், திரையில் இருப்பவனுக்குத் தெரியாது. “திரிதான் ஜெயாக்கா கஷ்டம். வெடிய எவன் வேணும்னாலும் வெடிச்சிரலாம்” என்று என்னிடம் சொல்வான்.

அண்ணாச்சியும் லைசென்சும்

அண்ணாச்சியிடம் முதன்முதலில் கதை சொல்லப் போனபோது நாங்கள் வைத்திருந்த முதல் காட்சி சுத்தமான உப்பு வைத்த இலை. இரவு. மழை. பட்டாசுக் கம்பெனி. இருட்டில் ஒரு பூட்ஸ் கால். ஒருவன் தீக்குச்சியைக் கிழிக்கிறான், அந்த வெளிச்சத்தில் பாதி முகம் தெரிகிறது.

சித்திக் எழுந்து நின்று, கையை ஆட்டி, மின்னலுக்கெல்லாம் வாயாலேயே சத்தம் கொடுத்துக் கதை சொன்னான். அண்ணாச்சி பனங்கற்கண்டு போட்ட பாலைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

“எத்தனை மணிக்கு நடக்குது இது?”

“ராத்திரி பதினொண்ணு அண்ணாச்சி.”

“ராத்திரி கம்பெனியில எவனுக்குலே வேலை? பொழுது சாஞ்சா எல்லா ரூமையும் பூட்டிட்டு வந்துருவோம்.”

சித்திக் அசரவில்லை. பகலாக்கிவிடலாம் என்றான்.

“மழைங்கிறியே. மழை பேஞ்சா சரக்கு எப்படிக் காயும்? அன்னைக்கு லீவு.”

மழையை எடுத்துவிட்டோம். மின்னல் மட்டும் இருக்கட்டும் என்று கெஞ்சினான்.

“மின்னல் வெட்டுனா ஒரு ஆளு உள்ள இருக்கப்படாது. எல்லாரையும் வெளிய அனுப்பிருவோம். பெறவு நீ எவனைக் கொல்லுவ?”

பூட்ஸ் போனது. ஆணி அடித்த செருப்போடு வெடிமருந்து அறைக்குள் விடமாட்டார்களாம், கொலைகாரனே ஆனாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். கடைசியாகத் தீக்குச்சிக்கு வந்தோம். அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏலே, என் ஷெட்டுக்குள்ள தீக்குச்சியா? படத்துலயா இருந்தாலும் எவனாவது பாத்துட்டு மேல எழுதிப் போட்டா என் லைசென்ஸ் என்னாகுறது? கொலை பண்ணிக்கோ. நான் வேண்டாங்கல. தீக்குச்சி கிழிக்காத.”

அன்றைக்குக் கீழே இறங்கி வந்து டீக்கடையில் நின்றபோது சித்திக்கிடம் கொலைகாரனும் செத்தவனும் மட்டும்தான் மிச்சம் இருந்தார்கள். இருட்டும் இல்லை, மழையும் இல்லை. நாய் ஒன்று இருந்தது. எங்கள் ஊர் நாய்கள் சத்தத்துக்குக் குலைப்பதில்லை, அதனால் அதுவும் பிரயோஜனம் இல்லை.

அப்போதுதான் தூரத்தில் எங்கேயோ சரக்கை வெடித்துப் பார்த்தார்கள். தீபாவளி சீசன். ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றிக்கொண்டே இருந்தார். பேப்பர் படித்தவர் பக்கத்தைத் திருப்பினார். சித்திக் மட்டும் டம்ளரைப் பிடித்தபடி சிலையாக நின்றான்.

“ஜெயாக்கா. இந்தச் சத்தத்துக்கு நடுவுல ஒருத்தனைச் சுட்டா யாருக்குத் தெரியும்?”

எனக்குப் புல்லரித்துவிட்டது. பட்டப்பகல். நல்ல வெயில். நாலு பக்கமும் ஆட்கள். வெடிச்சத்தம் கேட்கிறது, யாரும் திரும்பவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, அப்போதும் யாரும் திரும்பவில்லை. அந்த இலையில் உப்பு கிடையாது, ஆனால் பசி எடுத்தது.

அண்ணாச்சியிடம் திரும்ப ஓடினோம். கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காலை மடக்கினார். “இதை எடுத்துக் காட்டு” என்றார். அப்போது போட்டதுதான் அந்தப் பத்து நிமிட நிபந்தனை.

தயிர்ச் சோறு

இருக்கன்குடிக் கோயிலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினோம். தாயில்பட்டி போகிற வழியில் அண்ணாச்சிக்கு ஒரு காலி இடம் இருந்தது. நல்ல நிழலாக ஒரு வேப்பமரம். அதன் அடியில் கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், தள்ளிக் கேட்கிற வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பவில்லை, அந்தப் பக்கமாக பைக்கில் வருகிறவன் சுடப்பட்டு விழுகிறான். இதுதான் காட்சி.

நடிக்கப் பெண்களைக் கூட்டி வந்தது என் அக்கா. அவள் ஒரு பட்டாசு யூனிட்டில் பாக்கிங் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்ப்பவர்களை அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. மேக்கப் தேவையே இல்லை.

சித்திக் அவர்களிடம் கைகூப்பிச் சொன்னான். “ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. சத்தம் கேட்டா யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது.”

“இதுக்காலே நடிக்கக் கூப்பிட்ட?” என்றாள் அக்கா. “தெனமும் அதைத்தான செய்யுதோம்.”

உண்மையிலேயே பிரமாதமாகத் திரும்பாமல் இருந்தார்கள். அண்ணாச்சி அனுப்பிய ஆள் தூரத்தில் வெடியை ஒவ்வொன்றாக வெடித்தார். கேமராவும் விளக்கும் கொண்டுவந்த சென்னை ஆட்கள்தான் ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டார்கள். பெண்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. “இது நமுத்த சரக்கு” என்று ஒருத்தி வாயில் சோற்றோடு தீர்ப்புச் சொன்னாள். அதை வசனமாக வைத்துக்கொள்ளலாம் என்று சித்திக் குதித்தான்.

எனக்குத்தான் தலைவலி. அக்கா தூக்குவாளியில் தயிர்ச் சோறு. முதல் டேக்கில் நிறைய இருந்தது. அவள் பசியோடு வந்திருக்கிறாள், டேக் முடிவதற்குள் பாதியைக் காலி செய்துவிட்டாள். அடுத்த டேக்குக்கு மறுபடி நிரப்பினேன். அதையும் காலி செய்தாள்.

“அக்கா, சும்மா வாய்கிட்ட கொண்டு போனாப் போதும்.”

“வாய்கிட்ட கொண்டு போயிட்டு எப்படிடி திங்காம இருக்கிறது? நீ வேணா மாங்கா ஊறுகாய எடுத்து வெளிய வையி. அது இருந்தா சோறு கேக்கும்.”

ஊறுகாய் ஏற்கெனவே ஷாட்டில் வந்துவிட்டது, எடுக்க முடியாது. மறுபடியும் சோறு போட்டேன்.

யாரும் கட் சொல்லவில்லை

எத்தனையாவது டேக் என்று இப்போது நினைவில்லை. வெடித்தது, யாரும் திரும்பவில்லை. வெடித்தது, யாரும் திரும்பவில்லை. பைக் வந்தது.

அப்போது சாத்தூர் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கேமராமேன் நிமிர்ந்தே பார்க்கவில்லை, அவரைப் பொறுத்தவரை இன்னொரு வெடி.

மரத்தடியில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. எல்லார் முகமும் ஒரே பக்கம். அக்கா கையில் சோற்றை உருட்டியபடி நின்றாள், அது விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. நானும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை எழும்புகிறதா, எழும்பினால் எந்தப் பக்கம், அந்தப் பக்கம் யாருடைய பட்டாசு யூனிட், அதில் இன்றைக்கு யார் போயிருக்கிறார்கள். இவ்வளவும் ஒரே மூச்சில் மனதில் ஓடும். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தச் சத்தத்துக்குச் சோறு தின்னலாம், எந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்று காதுக்கே தெரியும்.

புகை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ரோட்டிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, லோடு லாரி டயர் வெடித்துவிட்டது என்று சொன்னார்.

அவ்வளவுதான், பெண்கள் அந்த லாரியையும் டிரைவரையும் அவர் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஒருத்தி சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். அக்கா வாளியை என் பக்கம் நீட்டினாள். “கீழ கொட்டிருச்சுடி. போடு.”

சித்திக்கும் மானிட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைத்தான் பார்த்திருக்கிறான். யாரும் கட் சொல்லாததால் கேமராமேன் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். முழுவதும் பதிவாகியிருந்தது.

திரும்பப் போட்டுப் பார்த்தோம். சித்திக் அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டினான். பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். இதைப் படத்தில் வைத்துக்கொள்ளட்டுமா, வேண்டாம் என்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றான். அக்கா அந்தச் சின்னத் திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். மற்ற பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“என் மூஞ்சி இப்படியா ஆகுது?” என்று கேட்டாள். பிறகு சட்டென்று சுதாரித்துக்கொண்டு, “வச்சுக்கோ தம்பி. சோறு வழியுது பாரு, அதை மட்டும் வெட்டிரு. தீனிப்பண்டாரம்னு நெனைக்கப் போறாக” என்றாள்.

அந்தச் சோற்றை மட்டும் சித்திக் வெட்டவில்லை.

கதையே அங்கே மாறிவிட்டது. வெடிக்கிறது, யாரும் திரும்பவில்லை. மறுபடி வெடிக்கிறது, திரும்பவில்லை. மூன்றாவதாக ஒரு சத்தம், நம் காதுக்கு முன்னதைப் போலவே கேட்கிறது. பெண்கள் எல்லாரும் திரும்புகிறார்கள். அது பட்டாசு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முதல் காட்சிகளில் வழக்கமாகப் பார்க்கிறவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. இங்கே அது தலைகீழ். திரையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது, நாம்தான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மொட்டை மாடி

இப்போது அண்ணாச்சி வீட்டு ஹாலுக்குத் திரும்பலாம்.

சென்னையிலிருந்து வந்த எடிட்டர் படத்தை ஓடவிட்டார். ஒலிக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தோம். அக்கா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர், சமையல்காரர் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

முதல் வெடி. அண்ணாச்சி அசையவில்லை. இரண்டாவது வெடி. “நமுத்த சரக்கு” வசனத்துக்குச் சிரித்தார். ஒரு செருப்பு கழன்றது. நான் சித்திக்கின் தொடையைக் கிள்ளினேன். பைக் தூரத்தில் வரத் தொடங்கியபோது இரண்டாவது செருப்பும் கழன்று, இரண்டு காலும் சோபாவில் ஏறின. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். அவன் மாமாவின் வத்தல் குடோன் எங்கேயோ தூரத்தில் போய்விட்டதுபோல் இருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம்.

அண்ணாச்சி எழுந்தார். எழுந்தார் என்ன, துள்ளிக் குதித்தார். டிரைவர் அவருக்கு முன்னால் ஓடினார். சமையல்காரர் கரண்டியோடு ஓடினார். அக்கா, நான், எல்லாரும் மொட்டை மாடிப் படியில் ஏறினோம். மத்தியான வெயில். தரை சுட்டது. யார் காலிலும் செருப்பு இல்லை. ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தோம்.

“எங்கன?” என்றார் அண்ணாச்சி.

“தெக்க ஒண்ணும் தெரியல மொதலாளி.”

“வடக்கயும் இல்ல” என்றார் சமையல்காரர்.

எடிட்டர் மெதுவாகப் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். “சார், நான் படத்தை நிறுத்தி வச்சிருக்கேன். என்ன ஆச்சு? அந்தச் சவுண்டு படத்துல வர்றதுதான சார்?”

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். சித்திக் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

“படத்துலயா?”

“ஆமா அண்ணாச்சி.”

“அந்தச் சத்தத்தை வச்சவனே நீதானலே. பெறவு நீ எதுக்கு ஏறி வந்த?”

“தெரியல அண்ணாச்சி” என்றான் சித்திக். அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் காட்சியை அவன் சென்னையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான், நானும் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்பது வேறு.

அண்ணாச்சி காலை மாற்றி வைத்தார். “நான் எந்திரிச்சுட்டேன்” என்றார்.

சித்திக் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொன்ன சொல்லு மாற மாட்டேன். எல்லாரும் சாப்புட்டுட்டுப் போங்க.” கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை வானத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “சாப்புட்டுட்டுக் கீழ ஆபீஸ் ரூமுக்குப் போங்க. அட்வான்ஸ் பேசுவோம். எம்புட்டு நாளாச்சுடா ஒரு படம் என்னைய இப்படி ஓட வச்சு.”

சித்திக் அந்தச் சூட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணாச்சி ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் அந்தக் காட்சி முடியும்வரை எல்லாக் கதவையும் திறந்தே வைக்க வேண்டும். “நாம அஞ்சாறு பேரே படியில முட்டிக்கிட்டோம். ஒரு கொட்டகைச் சனம் எந்திரிச்சு ஓடுனா? விழுந்து வாரினா யாரு பதில் சொல்றது?” வெளிச்சம் உள்ளே வந்து படம் வெளுத்துவிடும் என்று சித்திக் மன்றாடிப் பார்த்தான். அண்ணாச்சி கேட்கவில்லை.

காலைக் காட்சி

படம் வெளியானது ஒரு வெள்ளிக்கிழமை. சென்னையில் அந்த முதல் காட்சிக்குக் கைதட்டியதாகப் போன் வந்தது. புது மாதிரி என்றார்களாம். நாங்கள் சிவகாசியில், காலைக் காட்சிக்குக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம்.

அக்கா வரவில்லை. சீசன் நேரத்தில் லீவு கிடைக்காது. “நான் சோறு திங்கிறதை நானே எதுக்குக் காசு குடுத்துப் பாக்கணும்? ஞாயித்துக்கிழமை பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கதவெல்லாம் திறந்திருந்தது. வெளியே ஆட்டோ ஹார்ன், வெயில், பக்கத்து ஹோட்டலில் வடை வேகிற வாசனை எல்லாம் உள்ளே வந்தன. திரையில் படம் பாதி வெளுத்துத் தெரிந்தது. சித்திக் பல்லைக் கடித்தான். “இது முதல் காட்சியா ஜெயாக்கா? கல்யாண வீட்டு வீடியோ மாதிரி இருக்கு.”

அந்தச் சத்தம் வந்தது. பெண்கள் திரும்பினார்கள்.

தியேட்டரில் யாரும் எழுந்திருக்கவில்லை. படம் என்று தெரிந்துதானே வந்திருக்கிறார்கள். ஒரு சத்தமும் இல்லை. சித்திக் என்னைப் பார்த்தான், முகம் தொங்கிவிட்டது. அப்போது முன் வரிசையில் ஒரு செல்போன் வெளிச்சம் தெரிந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக.

“செத்துச்சு படம்” என்றான் சித்திக். “முதல் காட்சியிலயே போனை நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க.”

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் போனைக் காதில் வைத்துக் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். “அங்கன எல்லாம் நல்லாத்தான இருக்கீக? ... இல்ல, ஒண்ணுமில்ல. சும்மாதான். சினிமால இருக்கேன்.” அவர் வைத்ததும் அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தொடங்கினார். “சாப்பிட்டியா? ... சும்மாதான்டா கேட்டேன்.” கொட்டகை முழுக்க இதே முணுமுணுப்பு. சித்திக் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

பேசி முடித்தவர்கள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட வெளியே போகவில்லை. இடைவேளையில் வடைக்கடைக்குப் போனவர்கள்கூட ஓடி வந்து உட்கார்ந்தார்கள். சித்திக் அதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தான். நான் கவனிக்கவில்லை. நான் அக்காவுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் எடுக்கவில்லை. யூனிட்டுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால்தான் அவள் பார்ப்பாள். அதுவும் தெரியும். ஆனாலும் பயந்துவிட்டேன், திரும்பத் திரும்ப அடித்தேன். தியேட்டர் வாசலுக்கு வந்து அடித்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து அடித்தேன். உள்ளே நாங்கள் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பும் விசிலும் கேட்டன.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

“ஏடி ஜெயா, என்னடி இம்புட்டுத் தடவ அடிச்சிருக்க? கேட்டுல இருக்க தாத்தா ஏசுறாரு. என்னாச்சு? படம் ஓடலையா?”

“ஓடுதுக்கா. நல்லா ஓடுது.”

“பெறவு எதுக்குடி அழுவுற?”